வராதவர்களின் சம்மதம்

தெரு நலச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். இடம், புது அடுக்குமாடியின் கீழே வண்டிகள் நிறுத்துமிடம். முன் வரிசையில் இந்த வருடத் தலைவரான பல் டாக்டரம்மா. அவருக்கு இடப்பக்கம் மூன்றாம் மாடித் தம்பதி, ஆளுக்கொரு செல்போனுடன். பின்னால் வாடகைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் நால்வர். அவர்களில் ஒருவன் நாற்காலி காலியாக இருந்தும் தன் மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குக் கீழே செயலாளரின் மகன். அவனுக்கு எதிரே, தீர்மான நோட்டை மடியில் வைத்துக்கொண்டு செயலாளர். பழைய வீடுகளின் சார்பில் வந்திருந்தது அவரும் மகனும் மட்டும்தான்.

பேச இருந்தது ஒரே விஷயம். தெருக்கோடிச் சுவரில் இருக்கும் சின்னக் கதவு. சாப்பாடு கொண்டுவரும் வண்டிக்காரர்கள் மெயின் ரோட்டுச் சுற்றை மிச்சம் பிடிக்க அதற்குள் புகுந்து பறக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படி வந்த ஒரு வண்டி செயலாளரின் பேத்தியைத் தள்ளிவிட்டுப் போனது. வலது கையில் இரண்டு இடத்தில் முறிவு. கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்று அவர் மகன்தான் முன்மொழிந்தான். எட்டுக் கைகளும் உயர்ந்தன. செயலாளர் ஓட்டுப் போடுவதில்லை என்பது அங்கே பழைய வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தகவல் கிடைத்தும் வராதவர் சம்மதித்தவர். அதை எழுதி வைத்தவரும் இவர்தான். ஆகவே 'ஏகமனதாக' என்று எழுதினார். வராதவர்கள் பட்டியலில் நான்காம் எண் வீடு வந்தபோதுதான் பேனா நின்றது.

முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் அறிவிப்புச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் அவர். இந்த முறை தூறிக்கொண்டிருந்தது. "குரூப்ல போட்டாச்சுப்பா, எதுக்கு நனையறீங்க?" என்றான் மகன். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மற்றப் பழைய வீட்டுக்காரர்களிடம் வாட்ஸ்அப் குரூப் பார்க்கிற மாதிரிப் போன் இருந்தது. நான்காம் எண் வீட்டுக் கண்டக்டரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்.

கண்டக்டர் பேருந்தை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பேர் மட்டும் இறங்கவில்லை. அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடக்கும் மருத்துவ விடுதி அந்தச் சின்னக் கதவுக்கு நேர் எதிரே. வேறு யார் ஊட்டினாலும் அந்த அம்மா வாய் திறப்பதில்லை. பகலிலும் சாயங்காலமும் நாலுகால் தடியை ஊன்றிக்கொண்டு இவர் போய் ஊட்டிவிட்டு வருவார். கதவு வழியாக அறுபது அடி. மெயின் ரோட்டைச் சுற்றினால் அந்தக் கால்களுக்கு முக்கால் மணி நேரம், நடுவில் சிக்னல் இல்லாத ஒரு சாலை. கூட்டம் வைத்த ஆறு மணி, ஊட்டுகிற மணி.

மறுநாள் காலை நகராட்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வரைவுத் தாளில், 'நான்காம் எண் வீட்டுக்குத் தகவல் தரப்படவில்லை; தவறு என்னுடையது; எனவே மறுகூட்டம் நடத்தும்வரை இதன்மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார். மகன் பின்னால் நின்று படித்தான். பழைய வீட்டுக்காரர்கள் புது அடுக்குமாடியைப் புறாக்கூண்டு என்பதும், அங்கே இருப்பவர்கள் இவர்கள் வீடுகளை மியூசியம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேறொரு நாளாக இருந்தால் அவன் அந்தக் கிண்டலில் ஆரம்பித்திருப்பான். அன்று குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"அனுப்புங்கப்பா. அடுத்த வண்டி வரும்போது நீங்களே போய்க் குறுக்க நில்லுங்க."

உள்ளே குழந்தை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி தரையில் சிந்தியது. அவர் வரைவுத் தாளை நோட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வேறு தாள் எடுத்து, அந்தப் பத்தி வரவேண்டிய இடம்வரை எழுதினார். மேற்கொண்டு கை ஓடவில்லை.

பதினோரு மணிக்குக் கண்டக்டர் வந்தார். கையில் சாப்பாட்டுப் பை.

"கதவ அடைக்கப் போறாங்களாமேய்யா?"

"தீர்மானம் ஆயிடுச்சு."

"என் பேரும் இருக்கா அதுல?"

செயலாளர் நோட்டைத் திருப்பி வைத்தார். கண்டக்டர் விரலை வைத்து வரி வரியாக இறங்கி, தன் பேரில் நிறுத்தினார்.

"சரிதான். அந்த விதிய வழிமொழிஞ்சவனே நான்தானே. மூலை வீட்டம்மா வராத கூட்டத்துல, அந்தம்மா தண்ணி எறைச்ச கிணத்த நாம மூடினது ஞாபகம் இருக்கா? நமக்கு அப்ப நாப்பது கூட ஆகல. அந்தம்மா வந்து பேசட்டுமேன்னு ஒருத்தனும் சொல்லல. கெழவி இன்னும் எத்தன நாளைக்கு எறைக்கப் போவுதுன்னு நான்தான் சிரிச்சேன்."

செயலாளரின் கை நோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அடியில் இருந்த தாளை இழுத்தால் போதும். வாயைத் திறக்கும்போது கண்டக்டரே மறுபடி பேசினார்.

"நீ சீட்டு கொண்டாந்து குடுத்திருப்ப. நாந்தான் எங்கயோ வெச்சுத் தொலச்சிருக்கேன். இப்பல்லாம் எதுதான் நெனப்புல நிக்குது?"

"கையெழுத்துப் போட்டோமான்னு கூட நெனப்பு இல்லையா?" என்றார் செயலாளர். கேட்ட பிறகு, அதை ஏன் கேட்டோம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"போட்டிருப்பேன்."

உள்ளே தட்டு ஒன்று விழுந்தது. மருமகள் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கேட்டது. செயலாளர் குனிந்து, 'ஏகமனதாக எடுக்கப்பட்ட இத்தீர்மானத்தை விரைந்து நிறைவேற்ற வேண்டுகிறோம்' என்று எழுதி, கையெழுத்திட்டு, மூன்றாக மடித்தார். உறைக்குப் பசை தடவும்போது கண்டக்டர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் சரியாக ஒட்டவில்லை என்று சுட்டிக்காட்டவும் செய்தார். செயலாளர் நகத்தால் அழுத்தி ஒட்டினார்.

"குடு. தபால் பெட்டி அந்தப் பக்கந்தானே, போற வழி."

செயலாளர் கொடுத்தார்.

ஒரு கை தடிக்கு, ஒரு கை பைக்கு. அதனால் கண்டக்டர் அந்த நாளில் பேருந்தில் ரூபாய் நோட்டுகளைச் செருகிக்கொள்வதுபோல உறையை இரண்டு விரல்களுக்கு இடையில் நெடுக்காகச் செருகிக்கொண்டார். தெருக்கோடியில் பையால் கதவைத் தள்ளி, பக்கவாட்டாகத் திரும்பி, முதலில் தடியை அந்தப் பக்கம் ஊன்றினார். சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்தார். பிறகு தபால் பெட்டியின் தகரமூடி ஒருமுறை திறந்து விழுகிற சத்தம் கேட்டது.