கத்தரிக்கோல் கீறிய சிடி

என் வீட்டுக்காரர் பேருந்துக் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பதிவு செய்து கொடுப்பவர். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் அது நினைவில் இல்லை. எல்லாருக்கும் அவர் ‘ரைட்டர் சார்’. புதிதாகக் குடிவருகிறவர்கள், கதை கட்டுரை எழுதுகிறவர் போல என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். அவர் எழுதுவதெல்லாம் சிடிதான். கம்ப்யூட்டருக்கு வெளியே, தனி ஒயரும் தனி பிளக்குமாக மேஜைமேல் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் சிடி ரைட்டர். இந்தக் கட்டடத்தில் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அது ஓடும்போது வீட்டில் ஊரடங்கு. மவுஸைத் தொடக் கூடாது, மேஜையில் டம்ளர் வைக்கக் கூடாது, அடுத்த அறையில்கூட வேகமாக நடக்கக் கூடாது. அதிர்ந்தால் டிஸ்க் கெட்டுவிடுமாம். ஒரு முறை நான் தும்மியதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! கெட்டுப்போன டிஸ்குகளுக்கெல்லாம் நானே காரணம் என்று கொஞ்ச காலம் நம்பியும் விட்டேன்.

ஆனாலும் மனுஷர் கஞ்சத்தனம் இல்லாதவர். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுப்பார். கீழ்வீட்டு டீச்சரிடம் கம்ப்யூட்டர் உண்டு, ரைட்டர் கிடையாது. பள்ளி விழாப் படங்களோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார். டிஸ்கை வாங்கிக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லன்னா...” என்று இழுப்பார். அந்த இழுவையில் இவர் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார்.

இவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், தையல்காரி. கல்யாண உடைகளில் ஊசி நூலால் பூவேலை செய்கிறவள். ஒரு உடைக்கு மாதக்கணக்கில் குனிந்து கிடப்பாள். முடிந்ததும் அது போட்டுக்கொள்கிறவளோடு போய்விடும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் முன்பக்கம், பின்பக்கம், கழுத்து வேலை என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைப்பாள். அவளிடம் கம்ப்யூட்டர் இல்லை. படங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

பெரிய ஆடைக் கம்பெனி ஒன்றில் கைவேலைப் பிரிவை மேற்பார்வை பார்க்க ஆள் தேடினார்கள். செய்த வேலையின் படங்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். “ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கு அண்ணி. கண்ணு ரொம்ப நாள் தாங்காது. இந்த வேலை கிடைச்சா நான் பாத்துச் சொன்னாப் போதும், தைக்க வேண்டாம்.” அண்ணனிடம் சொன்னால் பதறுவார் என்று சொல்லவில்லை.

அண்ணன் தன் பங்குக்கு அமர்க்களப்படுத்திவிட்டார். நல்ல படங்களாகப் பொறுக்கி, வரிசை எண் போட்டு, புது ஃபோல்டரில் வைத்து, டிஸ்கில் ஏற்றினார். வழக்கமாக அடுப்பில் ஒரு குழம்பு கொதித்து இறங்கும் நேரம் ஆகும். அன்றைக்கு நான் விளக்குமாற்றை ஓரமாக வைப்பதற்குள் டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வந்துவிட்டது. கேட்டதற்கு, புது டிஸ்க், நல்ல சரக்கு, வேகமாக எழுதுகிறது என்றார். அங்கேயே திரும்பப் போட்டு ஒவ்வொரு படமாகத் திறந்தும் காட்டினார். எல்லாம் பளிச்சென்று திறந்தன. நாத்தனார் கண்கலங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். டிஸ்கைப் போட்டதும் படங்களின் எண்கள் வரிசையாக வந்தன, ஒரு படமும் திறக்கவில்லை. வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனார்கள். அங்கும் அதே கதை. இவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் புதன்கிழமை ஒழுங்கான டிஸ்கோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“என் தப்புதான் அண்ணா. பையில கத்தரிக்கோல் இருந்துச்சு. எடுத்து வைக்க மறந்துட்டேன்” என்று டிஸ்கை நீட்டினாள்.

இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. “பாத்தியா, கீறல். டிஸ்கை இப்படியாம்மா வைக்கிறது?” என்றார். கோபமாக இல்லை, பெரிய மனசோடு சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு இன்னொரு பிரதி போட உட்கார்ந்தார். கீறல் விழுந்த டிஸ்கைச் சும்மா உள்ளே தள்ளிப் பார்த்தார். எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் ஒரு குறையும் இல்லாமல் திறந்தது. புருவத்தைச் சுருக்கினார். டிஸ்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தார். ஒரே ஒரு படத்துக்குக்கூடப் போதாத இடம். நான் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

பிறகு என்னிடம் சொன்னார், திரையைப் பார்த்தபடியே. புது ஃபோல்டரில் அவர் வைத்தது படங்களை அல்ல, ஷார்ட்கட்டுகளை. படம் எங்கே இருக்கிறது என்கிற விலாசத்தை மட்டும் டிஸ்கில் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த விலாசத்தில் படம் இருந்தது, திறந்தது. வேறு எங்கே கொண்டு போனாலும் திறக்காது. ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்ததாம். தேர்ந்தெடுத்த படம் என்பதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டாராம் ரைட்டர் சார்.

போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன். போனைக் கையில் எடுத்தார், துடைத்தார், வைத்தார். “வேலை கிடைக்கட்டும். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கிற மனுஷர் தங்கைக்கு முன்னால் குறுகிப் போவதை நான் பார்க்க விரும்பவில்லை. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டாவது டிஸ்க் சரியாக எழுதப்பட்டது. உசத்தியான டிஸ்க், இந்தத் தடவை ஜாக்கிரதை என்று சொல்லிக் கொடுத்தார். அவள் அதைப் பூத்துவாலையில் சுற்றி, பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை மாலை வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. படங்கள் எல்லாம் திறந்தனவாம். கழுத்து வேலையைப் பெரிதாக்கிப் பார்த்து ஒருவர் எழுந்தே நின்றுவிட்டாராம். அப்புறம், போன தடவை என்ன ஆயிற்று என்று அந்த மூன்று பேரில் இருந்த ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

“கத்தரிக்கோலோட ஒரே பையில போட்டுட்டேன்னு சொன்னேன். பொய் சொல்ல வரலை. இங்க விலை உசந்த துணியெல்லாம் உங்க பொறுப்புல இருக்கும், உங்க சொந்த வேலையையே இப்படி வெச்சா எப்படின்னாங்க. வேற ஒருத்தரை எடுத்துட்டாங்க” என்றாள். பிறகு, “அவங்க சொல்றதும் சரிதானே அண்ணி?” என்று என்னைக் கேட்டாள்.

இவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தரிக்கோல் இல்லம்மா” என்றார். “கீறலால இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன். படமே அதுல ஏறலை.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கத்தவில்லை. அழுதிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“அன்னைக்கு நீ போனதும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கேட்கவில்லை. நான் மடிக்கவேண்டிய துணி எதுவும் இல்லாமலே கைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அதிலேயே பதில் கிடைத்திருக்கும்.

அந்தக் கம்பெனிக்கு இப்போதே போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார் இவர். வேண்டாம், ஆள் எடுத்தாயிற்று என்றாள். இனி எங்கே போனாலும் தேவைப்படும், என்னுடைய எல்லாப் படங்களையும் ஒரு டிஸ்கில் போட்டுக் கொடு என்றாள். இவர் உட்கார்ந்தார். மூலையில் அம்புக்குறி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றினார். ஓடி முடியும் வரை அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

தட்டு வெளியே வந்தது. முதல் படத்தைத் திறந்து காட்ட மவுஸைப் பிடித்தார். அவள் கையை நீட்டி டிஸ்கை வாங்கிக்கொண்டாள்.

“இங்க வேண்டாம்ணா. கீழ்வீட்டு டீச்சர்கிட்ட போட்டுப் பாத்துட்டு அப்படியே கிளம்பிக்கறேன்.”

கதவைச் சாத்தாமலே இறங்கிப் போனாள். கீழே மணி அடித்தது. டீச்சர் கதவைத் திறந்து, ரைட்டர் சார் வீட்டில் கம்ப்யூட்டர் பழுதா என்று கேட்டது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.