கால்வாசிக் காயில்

"நூத்தித் தொண்ணூறு. ஆம்பியர் மூணு புள்ளி ஆறு."

முத்துராஜ் மீட்டரைப் பார்த்துச் சொன்னான். அரிமளம் கடைத்தெருவில் அவன் ரிப்பேர் கடை போட்ட பதினோரு வருஷமாக நடப்பதுதான் இது. அவன் வோல்ட்டையும் ஆம்பியரையும் வாய்விட்டுச் சொல்வான். உள்ளே மோட்டாருக்குக் காயில் சுற்றும் அவன் பெண்டாட்டி பொற்கொடி, தலையைத் தூக்காமலே பெருக்கி வாட்டைச் சொல்வாள். அவனுக்குக் கைவேலை சுத்தம், கணக்கென்றால் காத தூரம் ஓடுவான். அவளோ பிளஸ் டூ பிசிக்ஸில் பள்ளிக்கூடத்திலேயே முதல். புருஷனிடம் அவளுக்கென்று இருந்த பவிசு அந்த ஒன்றுதான்.

அன்றைக்கு அவள் வாயெடுப்பதற்குள், "அறுநூத்தி எண்பத்தி நாலு வாட்ண்ணே" என்றது வேறொரு குரல்.

வைஷ்ணவி டீச்சர். போன மாதம்தான் திருச்சியிலிருந்து வந்து அடுத்த தெருவில் தனியாகக் குடியிருக்கிறாள். சாயங்காலத்தில் பால் வைத்தால் பொங்கவே மாட்டேனென்கிறது என்று கரண்ட் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முத்துராஜ் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். பார்த்தானே, அந்தப் பார்வை! இத்தனை வருஷத்தில் பொற்கொடியை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பானா? அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் மட்டும் ஆயிற்றா? பொற்கொடி சுற்றிக்கொண்டிருந்த கம்பியை நறுக்கென்று இழுத்தாள்.

ஆயிரம் வாட் அடுப்பு அறுநூற்றுச் சொச்சம்தான் இழுக்கிறது, காயில் வீக் ஆகிவிட்டது, கொஞ்சம் வெட்டிக் குறைத்தால் சூடு கூடும் என்று டீச்சர் விளக்கினாள். பொற்கொடி மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஐம்பத்து மூன்று ஓம். புதுக் காயிலுக்கும் அதே ஐம்பத்து மூன்றுதான். அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. வயலெல்லாம் மோட்டார் ஓடுகிற நேரம், லைனில் வோல்ட்டேஜ் இல்லை, அவ்வளவுதான். மேசைக்கு மேலே குண்டு பல்புகூட அழுதுவடிந்துகொண்டிருந்தது. இந்த ஊர் வோல்ட்டேஜ் திருச்சிக்காரிக்கு எங்கே தெரியும்? மோட்டாரெல்லாம் நின்று இருநூற்று முப்பது வந்துவிட்டால், வெட்டின காயில் அளவுக்கு மேல் இழுக்கும். டீச்சர் இருக்கிற பழைய வீட்டு ஒயர் அதைத் தாங்காது.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. முத்துராஜ் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்பக்கம் திரும்பிப் பார்த்தான். பொற்கொடி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்தவள் சொல்லியாயிற்று, அப்புறம் நான் எதற்கு?

கால்வாசிக் காயிலை வெட்டினான். திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டதும் அடுப்பு செக்கச்செவேலென்று பழுத்தது. இப்போதே போய்ப் பால் வைத்துவிடுகிறேன் என்று டீச்சர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறையும்வரை பொற்கொடி பொறுத்திருந்தாள். "கணக்குச் சொல்ல ஒங்களுக்குத்தான் ஆள் கெடச்சாச்சே. நான் வீட்டுக்குப் போறேன்."

முத்துராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவுங்க சொன்னா ஆச்சா? நான் ஒன்னையத்தானே பாத்தேன். நீ ஒண்ணுஞ் சொல்லல, சரியாத்தான் இருக்கும்னு வெட்டிட்டேன்" என்றான்.

பொற்கொடி சடாரென்று எழுந்து வந்தாள். மேசைமேல் கிடந்த வெட்டிய துண்டை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று அவன் கேட்டது காதில் விழவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். பின்னால் கடைக்குள் குண்டு பல்பு கொஞ்சங்கொஞ்சமாக வெளிச்சம் கூடிக்கொண்டே வந்து, அவள் நிழலைத் தெருவில் அவளுக்கு முன்னால் நீட்டிப் போட்டது.