செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

அந்தத் தியேட்டரில் இருந்த எழுநூறு பேரில் படம் பார்க்காத ஒரே ஆள் படத்தின் எடிட்டர்தான். முன்வரிசையின் ஓரச் சீட்டில், திரைக்கு முதுகைக் காட்டி, முழங்காலைச் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துச் சீட்டுக்காரர் இரண்டு தடவை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவனுக்கு அது பழகிப்போன விஷயம். பத்து வருஷமாகத் தான் வெட்டி ஒட்டிய படங்களின் முதல் நாளை அவன் இப்படித்தான் பார்க்கிறான்.

படம் பிடிக்காவிட்டால் எழுந்து போவதெல்லாம் அந்தக் காலம். இப்போது யாரும் எழுந்து போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே போய்விடுகிறார்கள். மடியில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அவன் எண்ணுவது அந்த வெளிச்சங்களைத்தான். கையில் ஒரு சின்ன நோட்டு. இருட்டில் எழுதிப் பழகிய கோணல் எழுத்து. துரத்தல் காட்சியில் நான்கு. பாட்டில் இருபத்திரண்டு, பாட்டென்றால் அது நியாயமான கணக்குதான். இடைவேளைக்குப் பிறகு நாற்பதாவது நிமிஷம், திரையில் ஆஸ்பத்திரி வாசல் வந்தது. அதற்கடுத்த காட்சி ஓட ஓட, இருட்டில் ஒவ்வொன்றாக வெளிச்சம் முளைத்தது. முப்பது. ஐம்பது. தொண்ணூற்றொன்றோடு எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

முதுகுக்குப் பின்னால் திரையில் ஒரு பெண்ணின் குரல், அலுப்பும் பொறுமையும் சரிபாதி கலந்த குரல், "பேர் சொல்லுங்க" என்றது. அது அவனுடைய அக்காவின் குரல்.

அக்கா நடிகை கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அந்தக் காட்சிக்குப் பேசி வைத்திருந்த நடிகை படப்பிடிப்பன்று வராமல் போக, டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எங்க அக்கா நெஜமாவே அந்த வேலைதான் சார் பாக்குது என்று இவன்தான் வாய் விட்டான். அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, கேமராவைச் சட்டையே செய்யாமல், நாடே கொண்டாடும் ஹீரோவைக் காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்து, "பேர் சொல்லுங்க" என்றாள். ஏழு ஊரில் ஏழு பேர் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஹீரோவுக்கு எந்தப் பேரைச் சொல்வதென்று தெரியாமல் வாயடைத்துப் போகிறது. அவள் காத்திருக்கிறாள். கடைசியில் தானே ஏதோ ஒரு பேரை எழுதி முத்திரை குத்திக் கொடுக்கிறாள். மூன்று நிமிஷம் பத்து செகண்ட். எடுத்தபோது லைட் பிடித்த ஆட்கள்கூட அசையாமல் நின்று பார்த்தார்கள்.

அப்படிப்பட்ட காட்சியில் தொண்ணூற்றொரு பேர் போனை எடுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் யார் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

படம் இன்னும் மூன்று வாரம் கழித்து வரவேண்டியது. வெள்ளியில் தொடங்கித் திங்கள் வரை சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு. அந்த லீவைப் பிடித்து வைத்திருந்த வேறொரு பெரிய படம் திடீரென்று பின்வாங்கியது. தயாரிப்பாளர் பாய்ந்து இடத்தைப் பிடித்தார். ஆறு வாரத்தில் செய்யவேண்டியதை மூன்று வாரத்தில் செய்ததோடு, நீளத்தில் ஐந்து நிமிஷமும் குறைக்க வேண்டியதாயிற்று. கவுன்டர் காட்சிக்கு முன்னால் ஒரு காட்சி இருந்தது. சாகக் கிடக்கும் அம்மா, உன் சொந்தப் பேரை ஒரு தடவை என் காதில் சொல்லுடா என்று ஹீரோவிடம் கேட்பாள். அவன் சொல்வதற்குள் கண்ணை மூடிவிடுவாள். அது இருந்தால்தான் இது நிற்கும். எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். அவன் அம்மாவை எடுத்தான், அக்காவை வைத்துக்கொண்டான். "இது போனா வேகம் கூடும் சார்" என்று டைரக்டரிடம் சொன்னான். அது பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் கவுன்டரில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவன் அப்படி வெட்டியிருக்க மாட்டான். இப்போது ஜனங்களுக்குத் தெரிவதெல்லாம், அதுவரை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த ஒருவன் ஒரு ஜன்னலுக்கு முன்னால் மூன்று நிமிஷம் ஊமையாக நிற்பதுதான்.

மறுநாள் சனிக்கிழமை தயாரிப்பாளர் அலுவலகத்தில் கூடினார்கள். எல்லாத் தியேட்டரும் நிரம்பி வழிகிறது என்று வரிசையாகப் போன் வந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷமாகப் படம் எடுக்கிறவர்; நல்ல செய்திக்குப் பயப்படக் கற்றவர்.

"நாலு நாளும் ஹவுஸ்ஃபுல். ஆனா இது நம்ம கூட்டமில்ல தம்பி. பாதி லீவுக்கு வந்த கூட்டம், பாதி முதல் பாகம் பாத்துட்டு அந்த ஆசைல வந்த கூட்டம். செவ்வாய்க்கிழமை வேலைய முடிச்சுட்டு, டிராஃபிக்ல மாட்டி, அப்பறமும் வர்றான் பாரு, அவன்தான் நம்ம ஆளு. என்னைப் பொறுத்தவரைக்கும் படம் ரிலீசே செவ்வாய்க்கிழமைதான்."

டைரக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "வெளிய வர்றவங்கள்ல பத்துப் பேரைக் கேட்டா எட்டுப் பேரு ஒரே எடத்தத்தான் சொல்றாங்க. ஆஸ்பத்திரில படம் படுத்துருச்சுன்னு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. உங்க அக்காவாச்சேன்னு வாயத் திறக்கல."

அம்மா காட்சியைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று எடிட்டர் மெல்ல ஆரம்பித்தான். தயாரிப்பாளர் அவனை நிதானமாகப் பார்த்தார். "நீளம் நீளம்னு எல்லாரும் கத்துறான். நீ இன்னும் ரெண்டு நிமிஷம் சேக்கச் சொல்ற. நாளைக்கு வெட்டிக் கொடுத்துரு. திங்கக்கிழமை எல்லாத் தியேட்டருக்கும் போயிரணும்."

தலையாட்டினான். வேறென்ன செய்வது? தப்பு தன்னுடையது என்று அந்த அறையில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் வெட்டத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து அவனை இரவெல்லாம் குடைந்தன.

ஞாயிறு காலை எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்தான். முதலில் மூன்று நிமிஷத்தை ஒன்றாக்கிப் பார்த்தான், நொண்டியது. நாற்பது செகண்ட் ஆக்கினான். ஹீரோ ஏன் முழிக்கிறான் என்ற கேள்வி அப்படியே நின்றது. மத்தியானத்துக்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கேள்வியே வரக்கூடாது. ஹீரோ சீட்டை நீட்டுகிறான், அக்கா நிமிர்கிறாள், முத்திரை விழுகிறது, அடுத்தது மாடிப்படியில் ஓட்டம். நாலு செகண்ட். "பேர் சொல்லுங்க" கூடக் கிடையாது. ஓட்டிப் பார்த்தபோது படம் தங்குதடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வேலை சுத்தமாக இருந்தது, அதுதான் அவனுக்கு இன்னும் கசந்தது.

அக்காவிடம் சொல்லியாக வேண்டும். அவள் இன்னும் படம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு லீவு ஏது? நாலு நாளும் மற்றக் கவுன்டர்க்காரர்களின் டியூட்டியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவர்களை ஊருக்கு அனுப்பியிருந்தாள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு அத்தனை பேரும் அவளோடு வரவேண்டும். அவர்களோடு நர்ஸ்கள், மருந்துக் கவுன்டர்க்காரர், லிஃப்ட் ஆபரேட்டர் என்று அவளையும் சேர்த்துப் பதினாலு பேர்.

போனில் சொல்கிற விஷயமில்லை என்று திங்கள் மதியம் நேரிலேயே போனான். போன இடத்தில் அவன் செய்த முட்டாள்தனம், அக்காவைப் பார்க்க வரிசையில் நின்றது. மூன்று ஜன்னலில் இரண்டு மூடியிருந்தது. அக்கா ஜன்னலுக்கு முன்னால் முப்பது பேர். குறுக்கே புகுந்தால் அடி விழும் போலிருந்ததால் கடைசியில் போய் நின்றான். முன்னால் ஒருவர் கையில் துணிக்கட்டு, அவருக்கு முன்னால் தூங்குகிற குழந்தையோடு ஒரு பெண். ஒவ்வொரு அடியாக நகரும்போதும் என்ன சொல்வதென்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். அக்கா, படம் நீளமா இருக்குன்னு சொல்றாங்க. இல்லை. அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதுவும் சரியில்லை. ஒவ்வொருவரும் ஜன்னலை அடையும்போது உள்ளேயிருந்து அதே குரல், அதே அலுப்பு, அதே பொறுமை. முக்கால் மணி நேரத்தில் முப்பது தடவை கேட்டுவிட்டான்.

அவன் முறை வந்தது. அக்கா தலை நிமிராமல் பழைய சீட்டைத் தள்ளி, புதுச் சீட்டை எடுத்து வைத்தாள்.

"பேர் சொல்லுங்க."

அவனுக்கு நாக்கு எழவில்லை. ஒத்திகை பார்த்த அத்தனையும் எங்கோ போய்விட்டது. பேனா காத்திருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள், பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானது.

"அடப்பாவி கத்திரி, அந்த ஹீரோ மாதிரியே நிக்கிறியேடா." வீட்டில் அவனுக்கு அந்தப் பேர்தான். பக்கத்தில் டீ கொண்டுவந்த அட்டெண்டரிடம், "இவன்தான் என் தம்பி. என்னை சினிமால விட்டவன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. சும்மாதான். ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லு. பின்னால பாரு எத்தன பேருன்னு. நீ சொன்னதத்தான் எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். இடைவேளைக்கு அப்பறம் நாப்பது நிமிஷம், ஆஸ்பத்திரி கேட்டு வந்ததும் போனைத் தயாரா வெச்சுக்குங்கன்னு. ஒரு போட்டோ எடுத்தாத் திட்ட மாட்டாங்கல்ல?"

"திட்ட மாட்டாங்க" என்றான்.

பின்னாலிருந்தவர் தோளைத் தொட்டு, "சார், பேசி முடிச்சாச்சுன்னா..." என்றார். அவன் நகர்ந்துகொண்டான். தெருவுக்கு வந்த பிறகு, போனிலாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அன்று சாயங்காலம் மூன்று முறை போனை எடுத்தான், மூன்று முறையும் வைத்துவிட்டான். கோழைத்தனம்தான். அவனே அதற்கு வேறு பேர் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் பாதித் தியேட்டர் என்று தயாரிப்பாளரிடமிருந்து செய்தி வந்தது. நல்லதா கெட்டதா என்று அவரும் சொல்லவில்லை. மாலைதான் தெரியும் என்று மட்டும் இருந்தது. ஆறு மணிக்கு அவன் தியேட்டர் வாசலில் நின்றான். லீவுக் கூட்டத்தின் இரைச்சல் இல்லை. வந்தவர்கள் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள். சாப்பாட்டு டப்பா குலுங்கும் பைகள், தூங்கி வழியும் கண்கள். ஆனால் வந்துகொண்டே இருந்தார்கள். படம் தொடங்கும்போது முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

அக்கா புதுத் துணி உடுத்தி, தலைக்குச் சாயம் போட்டு, தன் படையோடு வந்தாள். "எங்கூட உக்காருடா" என்றாள். பழக்கம்க்கா, அங்கதான் உக்காருவேன் என்று முன்வரிசையைக் காட்டினான். பதினாலு பேரும் நடுவில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா சரியாக நடுவில். லிஃப்ட் ஆபரேட்டர் பாப்கார்னை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்பினார்.

விளக்கணைந்தது. திரும்பி உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். துரத்தலில் இரண்டு. பாட்டில் பதினொன்று. இடைவேளையில் வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வேலைநாள் கூட்டம், வீட்டுக்குப் போகக் காரணம் தேடுகிற கூட்டம், திரும்பி வந்து உட்கார்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். முப்பத்தெட்டு நிமிஷம்.

முதுகுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி வாசல். அரங்கத்தின் இருட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை, வெள்ளிக்கிழமை தொண்ணூற்றொன்று முளைத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு வரிசையில் மட்டும், ஒரே நேரத்தில், முகத்துக்கு நேராகப் பதினாலு போன்கள் எழுந்தன.

டப் என்று முத்திரை விழுந்தது. உடனே மாடிப்படியில் ஓடும் காலடிச் சத்தம், இசை, எங்கோ பின்வரிசையில் ஒரு விசில். கூட்டம் மொத்தமும் சீட்டின் நுனிக்கு வந்தது.

பதினாலு வெளிச்சமும் இறங்கவில்லை. வந்துபோன நாலு செகண்ட் வெறும் தொடக்கம், இனிதான் அக்கா பேசும் காட்சி வரும் என்று அவை காத்திருந்தன. திரையில் ஹீரோ மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தான். ஓரத்திலிருந்த லிஃப்ட் ஆபரேட்டரின் போன் தயங்கித் தயங்கிக் கீழே போனது. பிறகு நர்ஸ்களுடையது, ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்திலிருந்தவர் அக்காவின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். எல்லாம் அணைந்த பிறகும் நடுவில் ஒன்று மட்டும் நெஞ்சுயரத்தில் அப்படியே இருந்தது. அதன் வெளிச்சத்தில் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில், தன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவுன்டரில் ஒருவர் பேர் சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல.