நல்லது, நல்லதில்லை

சீனாவின் குவாங்சோவில் வியாழக்கிழமை முடியாமல் நின்றதற்குக் காரணம் நூகுவின் தலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

வீட்டுக்கார அம்மாள் லின் வாசலுக்கு வந்து, "நாளைக்கு அறையைக் காலி செய்கிறாய், ஹாவ் பு ஹாவ்?" என்று கேட்டிருந்தார். நல்லதா, நல்லதில்லையா. அந்த ஊர் மரியாதை அது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பதில் இரண்டையும் கடைசியில் வைத்து நீட்டுவார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும்.

நூகு எதையும் எடுக்கவில்லை. சொந்த ஊரான காயல்பட்டினத்தில் ஆட்டுவதுபோல் தலையை இரண்டு தோள் பக்கமும் லேசாகச் சாய்த்தான்.

லின் அம்மாள் காத்திருந்தார். நாளையும் கீழே படிக்கட்டின் அடியில் காத்திருந்தது. மாலை வெயில் சுவரைவிட்டு இறங்கவில்லை.

"ஹாவ்," என்றான் நூகு, பிறகு.

"முதலில் பதில் சொன்னது தலை. அதன் முடிவு தெரிய வேண்டும்," என்றார் அவர்.

குடியிருப்புக் குழுவிலிருந்து ஒருவர் பாகைமானியோடு வந்தார். தலையைச் சாய்க்கச் சொல்லி அளந்தார். இரண்டு பக்கமும் சமம் என்றார். படிக்கட்டில் நாளையைத் தொடாமல் ஒதுங்கி இறங்கிப் போனார்.

நூகுவின் விமானச் சீட்டு நாளைக்கு. ஊரில் அவன் மனைவி ரலியாவுக்குப் பிரசவமும் நாளைக்கு.

அறைத்தோழர் மொகுதூம் காக்கா கட்டிலில் படுத்திருந்தார். "வாப்பா ஆகப் போற. தலைய நேரா ஆட்டத் தெரியல."

"ஆமான்னுதான் நெனச்சேன் காக்கா."

"நெனச்சியா?"

நூகு யோசித்தான். முன்பும் ஊருக்குச் சீட்டு எடுத்திருக்கிறான். போகவில்லை. போகமாட்டேன் என்று யாரிடமும் சொன்னதுமில்லை. யோசிக்க யோசிக்க அறை நீண்டது. காக்காவின் கட்டில் தூரத்தில் தெரிந்தது.

கைப்பேசி அடித்தது.

"வலி அப்படியே நிக்கிது மச்சான்," என்றாள் ரலியா. "ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஒங்க பக்கந்தான் ஏதோ மாட்டிக்கிட்டு ஈக்கிதாம். டாக்டரம்மா சொல்றா."

"ம்."

"நீங்க வருவீங்கதானே?"

தலை சாய்ந்தது.

"ஆட்டுனா எனக்குத் தெரியாது மச்சான். நிக்காஹுல கேட்டப்பவும் ஆட்டத்தான் செஞ்சீங்களாம். ஆலிம்சாதான் ஆமான்னு எடுத்துக்கிட்டாங்களாம்."

மேல்மாடியில் யாரோ வேகாத சோற்றைத் திறந்து பார்த்து மூடினார்கள். ரலியா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. காக்கா எழுந்து, நெடுந்தூரம் நடந்து வந்து, கைப்பேசியை வாங்கி நூகுவின் காதோடு பிடித்துக்கொண்டார். நூகு இரண்டு கைகளாலும் தாடையைப் பற்றித் தலையை நிறுத்தினான்.

"வர்றேன்," என்றான்.

நாளை முதல் படியில் கால் வைத்தது.

"யாருங்க பேசுறது?" என்றாள் ரலியா.

"நாந்தான். நூகு."

"கொஞ்சம் எங்க மச்சான்ட்ட குடுங்க," என்றாள். "வலி வந்துட்டுது."