கணக்கு வேண்டாம், கார்டு இருக்கட்டும்

என் வீட்டுக்காரர் சீதாராமன் அரசாங்க பாங்க்கில் தலைமுடி நரைக்கும்வரை உழைத்தவர். அதனால் வேறு எந்த பாங்க்கையும் அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஏ.சி. போட்டுத் திறந்த தனியார் பாங்க்கில் அவர் கணக்கு ஆரம்பித்ததே கிரெடிட் கார்டுக்காகத்தான். பிள்ளை ராம்கி அப்போது காலேஜில் இருந்தான். அவனுக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்தார். அவன் எங்கே தேய்த்தாலும் பில் இவர் பேருக்கு வரும். பணம் அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும்.

ராம்கி படிப்பை முடித்து, தேக்குத் தோட்டக் கம்பெனி ஒன்றுக்குப் பணம் போட ஆள் சேர்க்கும் வேலைக்குப் போனான். லேக் பக்கத்துத் தமிழர்கள் அவனை நம்பிப் பணம் போட்டார்கள். உண்மையில் நம்பியது இவரைத்தான். கம்பெனி வாசலில் ஒரு நாள் பூட்டுத் தொங்கியது. ராம்கியும் ஏமாந்தவன்தான், அவன் சேமிப்பும் அதில்தான் போனது. அதையெல்லாம் கேட்க இவருக்குப் பொறுமை ஏது? "என் முகத்துல முழிக்காதே" என்றார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. தொண்ணூற்றொன்பதில் போனவன், போனவன்தான்.

கடிதம் கிடையாது, போன் கிடையாது. கார்டு மட்டும் இருந்தது. எப்போதாவது பில்லில் ஒரு வரி வரும். சிலிகுரியில் செருப்புக்கடை, ஜல்பாய்குரியில் ஓட்டல். இவர் அந்தத் தாளை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று எனக்குச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். அந்த மனுஷனோடு முட்டிக்கொண்டே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று.

இரண்டாயிரத்து மூன்றில் அந்த பாங்க் குறைந்தபட்ச இருப்பை உயர்த்திவிட்டு, குறைந்ததற்காக அபராதமும் பிடித்தது. இவர் குதித்த குதியில் கீழ் வீட்டு ஜன்னல் திறந்தது.

"என் பணத்தை அவா கிட்ட வெச்சதுக்கு நான் தண்டம் அழணுமா? இன்னிக்கே மூடறேன்."

நானும் கூடவே கிளம்பிவிட்டேன். வழியில் மெதுவாகக் கேட்டேன்: "ஏன்னா, கார்டு?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது இருக்கட்டும்."

சொன்னபடியே கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கணக்கை மூடச் சொன்னார், கார்டு தொடர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். "நோ ப்ராப்ளம், மேஷோமொஷாய். கார்டு வேற டிபார்ட்மென்ட், அது பாட்டுக்கு இருக்கும்" என்று இவரை மாமா முறை வைத்து அவள் இங்கிலீஷும் பெங்காலியுமாகச் சொன்னாள். பொய் சொல்லவில்லை. கார்டு இருந்தது. பில்லுக்குப் பணம் எடுக்கும் இடம்தான் இல்லாமல் போயிற்று.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருடைய பாங்க்கில், ஒரு கணக்கை மூட வந்தால் குமாஸ்தா முதலில் அதிலிருந்து தானாகப் போகிற பணம் ஏதாவது உண்டா என்று பார்ப்பார். இருந்தால், இனி எதிலிருந்து எடுப்பது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மூடுவார். இவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறார். இங்கே யாரும் கேட்காததால், பில் வந்ததும் இனிமேல் செக் கொடுத்தால் போதும் என்று இவர் நினைத்துக்கொண்டார். எல்லா பாங்க்கிலும் ஒரு சீதாராமன் உட்கார்ந்திருப்பான் என்ற நம்பிக்கை!

துர்கா பூஜை வந்தது. கல்கத்தாவில் பூஜை என்றால் தபால்காரர்கூட மனுஷர் ஆகி லீவில் போய்விடுவார். பில் லக்ஷ்மி பூஜையும் கழிந்துதான் வந்தது. குவாஹாட்டி மருந்துக்கடையில் ஒரு சிறு தொகை. கணக்கு இல்லாததால் பணம் எடுக்க முடியவில்லை, இரண்டு கார்டுகளும் நிறுத்தப்பட்டுள்ளன என்று கீழே அச்சடித்திருந்தது. மருந்துக்கடை என்ற வரியையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன உடம்போ, யார் பார்த்துக்கொள்கிறார்களோ?

இவர் பாங்க்குக்குப் போன் செய்தார். பணம் கட்டினால் நாளையே திறந்துவிடலாம் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். ஆட்-ஆன் கார்டைப் பூஜை சமயத்தில் குவாஹாட்டியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், மறுபடியும் மறுபடியும் போட்டிருக்கிறார்கள், போகவில்லை என்றும் சொன்னாள். இவர் அந்த ஏஜென்சியின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ரிசர்வேஷன் இல்லாமல் ரயில் ஏறாத மனுஷர், அன்றைக்கே ஹௌரா ஸ்டேஷனில் குவாஹாட்டி வண்டியில் கூட்டத்தோடு கூட்டமாக இடித்துக்கொண்டு ஏறினார்.

திரும்பி வந்தபோது தனியாக வந்தார். சட்டை மாற்றவில்லை. காபி கொடுத்தேன், தொடவில்லை. நானே கேட்கவேண்டியிருந்தது.

"அந்த ஏஜென்ட் பெங்காலி. நம்ம பிள்ளையை நன்னா ஞாபகம் வெச்சிண்டிருக்கான். ரொம்ப இளைச்சிருந்தானாம், இருமிண்டே இருந்தானாம்."

"எங்க போறதுக்கு டிக்கெட் கேட்டான்?"

"ஹௌராவுக்கு. பூஜைக்கு ஆத்துக்குப் போறேன்னானாம்."

நான் காபியை நகர்த்திவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கார்டு போகலைன்னதும், 'பாபா பொந்தோ கொரே தியேச்சேன்'னு சிரிச்சானாம், நாகு. அப்பா மூடிட்டார்னு. கார்டைக்கூடத் திரும்ப வாங்கிக்காம எழுந்து போயிட்டானாம். லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், எல்லாம் தேடிட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததையெல்லாம் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மனுஷர் குழந்தை மாதிரி விசும்ப ஆரம்பித்தார். கல்யாணமான நாளாக நான் அதைப் பார்த்ததில்லை.

"நான் மூடலை, நாகு. கணக்கைத்தான் மூடினேன். கார்டை அவனுக்காகத்தானே வெச்சிண்டிருந்தேன்?"

"எனக்குத் தெரியும்னா" என்றேன். "அவனுக்கு யார் சொல்றது?"