நாற்பது நொடித் தாமதம்

1

இந்தக் கதை ஒரு பிழை அறிக்கையிலிருந்து பிறந்தது. அறிக்கையை எழுதியவள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விட்டால் நடுவில் எங்காவது ஒளித்துவிடுவேன்.

நானும் என் கணவரும் ஒரே கணினி விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவர் வசனம் எழுதுவார். நான் விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பேன். அலுவலகத்தில் அவருக்கு ஆமை என்று பெயர்.* எதைக் கேட்டாலும் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

(*பெயர் வைத்ததும் நான்தான்.)

2

தொடக்கம், முதல் வரைவு: ‘மலையுச்சியில் மழைத் தேவி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மரணமில்லை. அவளைக் காதலித்த கொல்லனோ’

வேண்டாம். விளையாட்டே இப்படித்தான் தொடங்கும்.

இரண்டாம் வரைவு: ‘அவர் இறந்து ஏழு மாதம் கழித்து, அவருடைய மேசை இழுப்பறையில்’

இழுப்பறைக்கு வர இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

3

விளையாட்டில் நீங்கள்தான் கொல்லன். ஒவ்வொரு முறை மலையேறும்போதும் உங்களுக்குப் பத்து வயது கூடும். தேவி அப்படியே இருப்பாள். ஆறாம் ஏற்றத்தில், நரைத்துப்போய், அவளிடம் ஒன்று கேட்கலாம்: “நான் போன பிறகு என்னை நினைத்துக்கொள்வாயா?”

கொல்லன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவரிடமே கேட்டேன்.

“இதை மொதல் தடவையே கேட்டிருக்க மாட்டானா?”

“மாட்டாம்மா. பதில் தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு ஏறுவான்?”

“நானா இருந்தா கீழ இருந்தே கத்திக் கேட்டிருப்பேன்.”

“தெரியும். அதான் உன்னைக் கொல்லனாப் போடல.”

பரிசோதனை நாளில் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன். தேவி பேசவில்லை. காற்றின் ஓசைகூட நின்றிருந்தது. நாற்பதாவது நொடியில், “நினைத்துக்கொள்வேன்” என்றாள்.

நான் எழுதினேன்: ‘ஆறாம் ஏற்றம். பதில் நாற்பது நொடி தாமதம். சரிசெய்யவும்.’ நிரல் எழுதும் பெண் மதியத்துக்குள் சரிசெய்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் கேட்டார், “பிழைன்னு எழுதிட்டியா?”

“ஆமா, அங்க ஹேங் ஆகுது.”

பேசாமல் நின்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன, நீங்களும் ஹேங்கா?”

சிரித்தார். அவ்வளவுதான்.

4

பிறகு நோய் வந்தது. மருத்துவமனையில் ஒரு பிற்பகல், கையிலிருந்த ஊசியைப் பார்த்தபடி ஆரம்பித்தார்:

“நான் போனப்புறம் நீ…”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சும்மா இருங்க.”

ஒரு நொடிகூட ஆகவில்லை எனக்கு. அந்த அறையில் அன்று மரணமில்லாத தேவி நான்தான்.

(இந்த இடத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவரை முடிக்கவிட்டேன். மூன்றும் பொய்.)

5

சரி, இழுப்பறை. அதிலிருந்த நோட்டில் அவர் எழுதியிருந்தது: ‘ஆறாம் ஏற்றம். நாற்பது நொடி மௌனம். யுகங்களையே எண்ணாதவள், இவனுக்காக நொடிகளை எண்ணுகிறாள்.’ ஓரத்தில் பென்சிலால், நான் அறிக்கை கொடுத்த தேதி. ‘அவளிடம் சொல்ல வேண்டும். பிறகு.’

நிரல் எழுதும் பெண்ணிடம் போனேன். விளையாட்டின் புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

“அந்த நாற்பது நொடியைத் திரும்பப் போட முடியுமா?”

“விளையாடுறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்கக்கா.”

“போகட்டும்.”

“நீங்கதானே பிழைன்னு எழுதுனீங்க?”

“நான்தான்.”

மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். “அப்ப நீங்களே வாபஸ் எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

6

வாபஸ் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுத ஆரம்பித்ததுதான் இதெல்லாம். கட்டம் கொள்ளவில்லை.

முடிவு, ஒரு வடிவம்: படிவத்தைக் கொடுத்தேன், தேவி மறுபடியும் மௌனமானாள், ஒருவராவது எழுந்து போகாமல் காத்திருந்தார். இன்னொரு வடிவம்: வெள்ளிக்கிழமை கடந்துபோயிற்று. எதை எழுதினாலும் மருத்துவமனையில் அவர் கேள்வி பாதியிலேயே நிற்கிறது. ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் முழுதாக எழுதி, கீழே இடம் விடுகிறேன். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். தாள் காலியாக இருக்கிறதென்று யாருக்கும் பிழை அறிக்கையும் எழுதாதீர்கள்.

“நான் போனப்புறம் நீ என்னை நெனச்சுக்குவியாம்மா?”