கப்பலேறாமல் திரும்பிய ஓக்கோ

ஓக்கோ தியார்க்ஸ் அயோவாவில் நிலம் வாங்கியபோது சுற்றுவட்டாரமே சிரித்தது. நிலம் என்ற பேர்தான். பாதிக்கு மேல் தண்ணீர். ஆளுயரக் கோரை, அதற்குள் வாத்துக் கூட்டம், கால் வைத்தால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும் கருஞ்சேறு.

"விவசாயம் பண்ணப் போறியா, மீன் பிடிக்கப் போறியா?" என்று கேட்டார் மேட்டுநிலத்துக்காரர் புரூவிட்.

ஓக்கோவுக்கு அப்போது இங்கிலீஷில் பத்து வார்த்தைதான் தெரியும். "ரெண்டும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு சேற்றில் இறங்கினான்.

இந்தக் கதையை ஹில்கே நூறு தடவையாவது கேட்டிருப்பாள். அவள் அப்போது ஜெர்மனியின் வடகடலோரத்தில், ஃபிரீஸியாவில், அவனைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தாள். "ரெண்டே வருஷம், கூப்பிட்டுக்கறேன்" என்று போனவன் நாலு வருஷம் கழித்துத்தான் கூப்பிட்டான். கடிதத்தில் ஒரே வரி: வாய்க்கால் வெட்டி முடித்துவிட்டேன், வா.

"வாய்க்கால் வெட்டினான்னு எவளாவது கடல் தாண்டிப் போவாளா?" என்று கத்தினார் அவளுடைய அப்பா. அவள் போனாள்.

மாட்டு வண்டியில் அவள் வந்து இறங்கியது ஒரு வசந்தகாலம். கயிறு பிடித்தது போல நேரான வாய்க்கால்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் வடிந்து உலர்ந்த கரிய மண். கடல் மட்டத்துக்குக் கீழே, கடலைத் தடுக்கும் அணைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரை வடிப்பது கைவந்த வேலை. மறு வருஷம் அவன் மக்காச்சோளம் புரூவிட்டின் சோளத்தைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. தன் தாழ்நிலத்துக்கும் வாய்க்கால் வெட்டித் தரச்சொல்லி புரூவிட் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"மொதல்ல ஒரு மீன் பிடிப்போம். அப்புறம் பேசலாம்" என்றான் ஓக்கோ. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். நடுப்பெண் தெத்தாவைத் தொண்டை அடைப்பான் நோய் ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. நிலத்திலேயே உயரமான இடம் பார்த்து ஓக்கோ தன் கையால் குழி தோண்டினான். "இங்க தண்ணி ஏறாது" என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு அந்த மேட்டில் அவன் ஏர் ஓட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து வந்ததும் தேநீர். கோப்பையில் கற்கண்டைப் போட்டு, சூடான தேநீரை ஊற்றி, அது படபடவென்று வெடிக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பான். ஆவணி வாக்கில் காற்றடித்துச் சோளக்காடு அலையடிக்கும்போது வேலியோரம் போய் நின்றுவிடுவான்.

"என்ன, கடலா?" என்பாள் ஹில்கே.

"சத்தம் அப்படியே இருக்கு. உப்புதான் இல்ல."

இதைக் கேட்டுக் கேட்டுத்தான் மூத்த மகன் மென்னோ 1886இல் ஜெர்மனிக்குக் கப்பல் டிக்கெட் வாங்கி வந்தான். "போயிட்டு வாங்கப்பா. ஆறு மாசம் நாங்க பாத்துக்கறோம்."

ஹில்கே வரமாட்டேன் என்றாள். "அங்க எனக்கு யாரு இருக்கா? அப்பா அம்மா கல்லறையப் பாக்க வழியெல்லாம் வாந்தி எடுத்துட்டுப் போகணுமா?"

அவன் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினான். ரயில் நிலையத்தில் ஹில்கே சிரித்துக்கொண்டேதான் கையசைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பழைய பயம் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே ஒருமுறை நாலு வருஷம் காக்கவைத்தவன். அங்கேயே தங்கிவிட்டால்? யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வண்டி வந்து நின்றது. ஓக்கோ இறங்கினான். பின்னால் ஒரு வாலிபன், நிறைமாதக் கர்ப்பிணியாக ஒரு பெண்.

"கப்பல் முழுகிடுச்சா?" என்றாள் ஹில்கே.

"நான் ஏறவே இல்ல."

துறைமுகத்தில் அவன் கப்பலுக்காகக் காத்திருந்த இரண்டாம் நாள், ஜெர்மனியிலிருந்து வேறொரு கப்பல் வந்திருக்கிறது. இறங்கிய கூட்டத்தில் இந்தப் பெண், கேஸ்கே, பெட்டிமேல் உட்கார்ந்து புருஷனைத் திட்டிக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவர்களை அழைத்துப்போக வேண்டிய மாமா பனிக்காலத்திலேயே இறந்துவிட்டாராம். கைகாட்டி விடக்கூட ஆளில்லை.

"அவ திட்டினா பாரு ஹில்கே, அப்படியே எங்க அத்தை திட்டற மாதிரி! முப்பது வருஷமாச்சு அந்தத் திட்டக் கேட்டு. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இவன், வியார்ட், நான் ஏதோ திருடன்னு நெனச்சுட்டான்."

"கடலப் பாத்தியா?"

"பாத்தேன். போதும்."

"மூணு மாசமா ஊர், ஊர்னு என் உசுர வாங்கினியே!"

"வாங்கினேன். இப்ப பசிக்குது."

டிக்கெட்டை விற்று அவர்களுக்கு ரயில் செலவு செய்துவிட்டான் என்று தெரிந்து மென்னோ ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹில்கே அடுப்படிக்குப் போய் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஐந்து முட்டைகளை உடைத்து ஊற்றினாள்.

வடக்கு மூலையில் மிச்சமிருந்த சதுப்பை ஓக்கோ வியார்டுக்குக் கொடுத்தான். இரண்டு பேரும் நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே அதற்கு வாய்க்கால் வெட்டினார்கள். கேஸ்கேயின் குழந்தை அந்தக் கரையில்தான் நடை பழகியது.

மூன்று வருஷம் கழித்து, அக்டோபரில், சோளம் ஒடிக்கும் சமயம். வாய்க்காலில் அடைத்த பாசியை எடுத்துவிட்டு வருகிறேன் என்று போன ஓக்கோ சாப்பாட்டுக்கு வரவில்லை. வியார்ட் ஓடிவந்து வாசலில் நின்றான். வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினான்.

ஹில்கே போய்ப் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டபடி, கரையில் சாய்ந்திருந்தான்.

"எழுந்திரு ஓக்கோ. சளி பிடிக்கும்" என்றாள்.

பிறகு அவளே குனிந்து அவன் கால்களைத் தூக்கித் தன் பாவாடையால் துடைத்தாள். தெத்தாவுக்குப் பக்கத்தில் அவனை அடக்கம் செய்தார்கள். கைத்தடியோடு வந்த கிழவர் புரூவிட், ஜெர்மன் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கடைசிவரை நின்றார்.

"எங்கூட டவுனுக்கு வந்துடுங்கம்மா" என்றான் மென்னோ.

"சோளம் காட்டுல நிக்குது" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது வண்டிகள் வந்தன. சொல்லி அனுப்பாமலே அக்கம்பக்கம் முழுவதும் வந்து இறங்கி சோளம் ஒடித்தது. ஹில்கே நாள் முழுக்க உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வேகவைத்துப் பரிமாறினாள். சாயங்காலம் கடைசி வண்டி களஞ்சியத்துக்குள் போன பிறகுதான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கேஸ்கே பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.